ஸ்டியரிங்கில் கட்டிய துணி

அந்த வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு இத்ரிசு தொழுகைக்குப் போனார். நேரம் நன்றாக நினைவிருக்கிறது. அவர் என்னிடம்தான் மணி கேட்டார். கையெல்லாம் கிரீஸ் இருந்ததால் தன் போனைத் தொட அவருக்கு மனமில்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவனுக்கு மணி சொல்வது ஒரு பழக்கம்.

இதைப் படிக்கப்போகிற நீதிபதிக்கு என்னைத் தெரியும். சாட்சிக் கூண்டில் நாற்பது நிமிடம் நின்றவன். பெயர் டோட்சே. தேமா துறைமுகத்தில் ஒரு தொழிற்பள்ளியில் இருபத்தாறு வருடம் மோட்டார் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். வரும் செவ்வாய்க்கிழமை தீர்ப்பு. கவனக்குறைவால் இரண்டு பேர் சாவுக்குக் காரணமானவர் என்று ஃபிட்டர் இத்ரிசு சிறைக்குப் போவார். அவர் போகாமல் இருக்க ஒரே வழி, நான் இதை எழுதி முடித்து அங்கே கொடுப்பது. மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது.

ஒழுங்காகச் சொல்கிறேன்.

கார் என் மனைவி எனாமின் தம்பி செனியோவுடையது. கனடாவிலிருந்து கப்பலில் வந்த பழைய கார். அங்கே குளிர்காலத்தில் ரோட்டில் உப்பு கொட்டுவார்கள். அந்த உப்பைத் தின்றுவிட்டு வந்து, எங்கள் ஊர்க் கடல்காற்றில் ஆறு வருடம் நின்றது. அடியில் துரு இல்லாத இடம் இல்லை. முன்பக்க இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் சத்தம் போட்டது. பால் ஜாயிண்ட் தேய்ந்திருந்தது. சக்கரத்தைத் தாங்கும் இரும்பையும், அதைக் கீழே பிடித்திருக்கும் கையையும் இணைக்கிற மூட்டு அது. கூம்பு மாதிரி ஒரு தண்டு, அதன் நுனியில் ஒரு நட்டு, நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே ஒரு ஸ்பிலிட் பின். பெண்கள் தலையில் செருகும் ஊசியைவிடச் சின்னது. ஒரு காரின் முன்சக்கரம் நேராக நிற்பது அதனால்தான்.

சனிக்கிழமை அன்லோகாவில் எனாமின் பெரியப்பா அடக்கம். செனியோ வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அங்கே இருக்க வேண்டும். அவன் மனைவியும் குழந்தையும் முன்னாலேயே போய்விட்டார்கள். புதன்கிழமை வண்டியை எங்கள் முற்றத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்தான்.

"அத்தான், ஃபிட்டர்கிட்ட விட்டுடவா?"

வேண்டாம் என்றேன். ஃபிட்டர்கள் ஊகத்தில் வேலை செய்கிறவர்கள் என்று இருபத்தாறு வருடம் வகுப்பில் சொன்னவன் நான். அவ்வளவு வருடத்தில் துருப்பிடித்த ஒரு பால் ஜாயிண்டைக் கழற்றியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பள்ளியில் மாதிரிக்கு ஒன்று மேசைமேல் இருந்தது. குரோமியம் பூசியது. இரண்டு விரலால் கழன்றுவிடும்.

புதன்கிழமை மாலை நட்டைக் கழற்றினேன். அதற்கே மூன்று மணி நேரம் ஆயிற்று. ஸ்பேனரில் குழாயைச் செருகி ஏறி மிதித்தேன். நட்டு வந்தது, தண்டு வரவில்லை. துரு விடட்டும் என்று டீசலும் பிரேக் ஆயிலும் கலந்து ஊற்றி இரவெல்லாம் விட்டேன். வியாழக்கிழமை அடுப்பு கேஸ் சிலிண்டரை முற்றத்துக்குக் கொண்டுவந்து சூடு காட்டினேன். சுத்தியலால் தண்டின் நுனியில் அடித்தேன். காலை ஏழிலிருந்து பன்னிரண்டு வரை, பிறகு மூன்றிலிருந்து ஆறு வரை. நுனி காளான் மாதிரி விரிந்ததே தவிர அசையவில்லை.

ஏழு வீட்டுக்கு ஒரே முற்றம். வாசலில் கோர்கோர் என்பவள் கென்கி விற்பாள். பெரிய பானையில் மாவுருண்டைகள் வேக, மீன் பொரித்துக்கொண்டே எல்லோரையும் வாய்ப்பேச்சில் பொரிப்பாள். நல்ல பெண். எனக்கு அவள்மேல் எந்தக் கோபமும் இருந்ததில்லை.

"என் மாவு புளிக்க மூணு நாள் ஆகும். சார் அடிக்கிற அடியில ஒரே நாள்ல புளிச்சுப்போச்சு," என்று வாங்க வந்தவர்களிடம் சொன்னாள். பிறகு என்னிடம், "சார், அது இரும்பு. உங்க பசங்க மாதிரி பிரம்பைப் பார்த்ததும் எழுந்து நிக்காது," என்றாள்.

நானும் சிரித்தேன். சிரித்ததைப் பலர் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை செனியோ என்னிடம் கேட்காமல் இத்ரிசுவைக் கூட்டிவந்தான். லாரி நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கண்டெய்னரில் பட்டறை வைத்திருந்தவர். வடக்கே எங்கிருந்தோ வந்து இருபது வருடம் ஆகிறது. இரண்டு சுத்தியலும் ஒரு குட்டி ஜாக்கும் கொண்டுவந்தார். குனிந்து பார்த்தார். விரிந்திருந்த நுனியை விரலால் தடவினார்.

"இதை யாரு அடிச்சது?"

கோர்கோர்தான் சொன்னாள். "சார்தான். ரெண்டு நாளாப் பாடம் நடத்தினாரு. அதுக்கு ஏறல."

இத்ரிசு சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. "பரவாயில்ல சார். தண்டை அடிச்சா அது இன்னும் கெட்டியாப் பிடிச்சுக்கும். அது குடியிருக்கிற வீட்டைத்தான் அடிக்கணும்," என்றார்.

தண்டு நுழைந்திருக்கும் இரும்பு வளையத்தின் ஒரு பக்கத்தில் ஒரு சுத்தியலை ஒட்டி வைத்துக்கொண்டு, மறுபக்கத்தில் மற்றதால் ஒரே ஒரு அடி அடித்தார். டொக்கென்று தண்டு கீழே இறங்கியது.

அடி வாங்கிய வளையம் ஒரு நொடி தன் வட்டத்தை இழக்கும். அப்போது கூம்பு பிடியை விடும். இதை நான் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். வருடத்துக்கு ஒரு தடவை, இருபத்தாறு தடவை. அந்த இரண்டு நாளில் எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

முற்றத்தில் கைதட்டினார்கள். செனியோ அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டான். எங்கள் ஊரில் வேலை தெரிந்த ஃபிட்டரை மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். அன்று எல்லோரும் அவரை மாஸ்டர், மாஸ்டர் என்றார்கள். கோர்கோர் அவருக்கு ஒரு கென்கியும் பெரிய மீனாக ஒன்றும் இலையில் வைத்துக் கொடுத்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் அந்த இடத்தில் முகம் சுடுகிறது. மற்ற இடங்களில் சுடவேண்டிய அளவுக்கு அது சுடுவதில்லை. அதையும் குறித்துக்கொள்ளலாம்.

செனியோ வாங்கி வைத்திருந்த புது பால் ஜாயிண்டைப் பொருத்தி நட்டை விரலால் சுற்றி நிறுத்தும்போதுதான் அவர் மணி கேட்டார். சொன்னேன்.

"அப்ப நான் தொழுதுட்டு வந்துடறேன். சார், நட்டைக் கையாலதான் போட்டிருக்கேன், இறுக்கல. இப்ப இறுக்கினா தண்டும் சேர்ந்து சுத்தும். கீழ ஜாக் குடுத்து அமுக்கிட்டுத்தான் இறுக்கணும். வந்து பார்த்துக்கறேன்." பிறகு சட்டைப்பையிலிருந்து ஸ்பிலிட் பின்னை எடுத்தார். "இது கீழ விழுந்தா மண்ணுல தேட முடியாது. நீங்க வச்சிருங்க."

என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மூடினார். அவர் கைச்சூடு அந்தப் பின்னில் இருந்தது.

போகும் முன் ஒரு நீலத் துணியைக் கிழித்து ஸ்டியரிங்கில் இரண்டு முடிச்சுப் போட்டார். அது அவருடைய பழக்கம். வேலை பாதியில் நிற்கும் எந்த வண்டியிலும் கட்டிவிடுவாராம். கடைசி நட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவரே அவிழ்ப்பாராம்.

"இது இருக்கிறவரைக்கும் வண்டி என்னுது," என்றார் செனியோவிடம்.

"என் பொண்டாட்டிகூட என்னை இவ்வளவு இறுக்கிக் கட்டி வைக்கல மாஸ்டர்," என்றான் செனியோ. சிரித்துக்கொண்டே குளிக்கப் போனான்.

இனி நான் செய்தது.

நான் உடனே எதுவும் செய்யவில்லை. சிறிது நேரம் நிழலில் உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பி வருவார். எல்லோரும் மறுபடி கூடுவார்கள். அவர் இறுக்குவார், பின்னைக் கேட்பார், நான் எடுத்துக் கொடுப்பேன். அதுதான் என் கண்முன் நின்றது. நான் பின்னை எடுத்துக் கொடுப்பது. வேலைக்காரனுக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கிற ஆள் மாதிரி.

கோர்கோரைத் தவிர எல்லோரும் வெயிலுக்கு உள்ளே போயிருந்தார்கள். எழுந்துபோய் நட்டை இறுக்கினேன். இரண்டு சுற்று போனதும் அவர் சொன்ன மாதிரியே தண்டும் சேர்ந்து சுற்றியது. கீழே ஜாக் கொடுக்க வேண்டும். என் ஜாக் வண்டியைத் தூக்கிப் பிடித்திருந்தது. இத்ரிசுவின் குட்டி ஜாக் என் முழங்காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. கையை நீட்டினால் எட்டும்.

அதை நான் எடுக்கவில்லை. காரணம் கேட்டால், அது அவருடையது என்பதுதான்.

ஒரு கடப்பாரையால் நெம்பிப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். இரண்டு நாள் சுத்தியல் அடித்த தோள். அதற்குமேல் வரவில்லை. நட்டின் வெட்டும் தண்டின் துளையும் நேராக வந்தால்தான் பின் நுழையும். வரவில்லை. அரை விரல்கூட இல்லை, ஒரு நெல்மணி அளவு இடைவெளி. சரி, பிறகு போடலாம் என்று பின்னைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சக்கரத்தை மாட்டினேன்.

இந்த இடத்தில் வழக்கறிஞர்கள் மறதி என்ற சொல்லை விரும்புவார்கள். நானும் முதல் மூன்று தடவை அதைத்தான் எழுதினேன். மறதி இல்லை.

துணியின் முடிச்சு கெட்டியாக இருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். கோர்கோர் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், மாஸ்டர் வந்து அவுக்கட்டுமே."

"எனக்கும் வேலை தெரியும் கோர்கோர்."

"நான் தெரியாதுன்னா சொன்னேன்?" என்று மீனைத் திருப்பிப் போட்டாள். வருத்தப்பட்ட மாதிரி இருந்தது. துணியை அவள் அடுப்பில் போட்டேன். கிரீஸ் பட்டது, நன்றாக எரிந்தது.

செனியோ குளித்து, கறுப்புச் சட்டையோடு வந்தான். துணி இல்லாததைப் பார்த்தான். "மாஸ்டர் வந்துட்டாரா?"

"நானே முடிச்சிட்டேன்."

அவன் முகம் மலர்ந்தது. அதை நான் மிகைப்படுத்தவில்லை. "அத்தான் முடிச்சதா? அப்ப இன்னும் நல்லது," என்றான். நான் எவ்வளவு கூசிப்போயிருந்தேன் என்பது அவனுக்குக் காலையிலேயே தெரிந்திருக்கிறது. இத்ரிசுவைக் கூட்டிவந்ததற்கு அது அவன் கேட்ட மன்னிப்பு.

அவனை நான் அவசரப்படுத்தினேன். வழியில் டாவென்யாவில் வண்டிகள் நெரிசலாகிவிடும், இப்போதே கிளம்பு என்றேன். இத்ரிசு வரும்போது அந்த இடம் காலியாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

எனாம் அவனோடு போவதாக இருந்தது. பெட்டி கட்டி வாசலில் வைத்திருந்தாள். நான் படுக்கையில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டு, வலிக்கிறது என்றேன்.

"ஏங்க, ரெண்டு நாள் அந்தச் சுத்தியலத் தூக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா? பெரியப்பாவோட கடைசி ராத்திரி, நான் இல்லாம எப்படி?"

"நீ போ. நான் சமாளிச்சுக்கறேன்."

அப்படிச் சொன்னால் அவள் போகமாட்டாள் என்று முப்பத்தொரு வருடமாக எனக்குத் தெரியும். நாளைக் காலை பஸ்ஸில் சேர்ந்து போவோம் என்று முடிவானது.

எனக்கு நெஞ்சு வலிக்கவில்லை.

நீதிமன்றத்தில் யாரும் இதைக் கேட்கவில்லை. உங்கள் மனைவி ஏன் அந்த வண்டியில் போகவில்லை என்று ஒரே ஒருவர் கேட்டிருந்தால் போதும். நட்டு தாங்கும் என்று நான் நம்பினேன் என்பதை இன்றும் சொல்வேன். நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் குறைவான தூரம், திரும்பி வந்ததும் தனியாகச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த நம்பிக்கை செனியோவுக்குப் போதுமானதாக இருந்தது. எனாமுக்குப் போதவில்லை.

முன் இருக்கை காலியானது. கோர்கோருக்கு அதே வழியில் காசே சந்திப்பில் ஒரு அக்கா. வெள்ளிக்கிழமைகளில் அங்கே போவாள், பஸ்ஸில். செனியோ அவளைக் கூப்பிட்டான். அவள் பானையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, கை கழுவி, பொரித்த மீன் ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"சார் முடிச்ச வண்டி. வழியில நின்னா தள்ளறதுக்கு ஒரு ஆள் வேணும்ல. அதான் நானும் போறேன்," என்றாள்.

நான் அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குனிந்தபோது பின் சட்டைப்பையில் குத்தியது. அவள் உட்கார்ந்தபின் கதவைச் சாத்தினேன். மெதுவாகத்தான் சாத்தினேன். பழைய கார், ஓங்கிச் சாத்தக்கூடாது.

ஒன்று ஐம்பதுக்குக் கிளம்பினார்கள்.

நான் போய்ப் படுத்துக்கொண்டேன். எனாம் ஷியா வெண்ணெயைச் சூடுபண்ணி என் தோளிலும் நெஞ்சிலும் தேய்த்தாள். இரண்டரைக்குமேல் வாசலில் இத்ரிசுவின் குரல் கேட்டது. எனாம் போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

"மாஸ்டருக்கு வண்டி கிளம்பிருச்சுன்னு சொன்னேன். நீங்க தூங்குறீங்கன்னும் சொன்னேன். துணி எங்கன்னு கேட்டாரு. என்ன துணிங்க?"

"கை துடைக்கிற துணியா இருக்கும்," என்றேன்.

இரண்டு நாற்பத்தொன்றிலிருந்து இத்ரிசு நான்கு தடவை செனியோவைக் கூப்பிட்டிருக்கிறார். தெரியாத நம்பர் என்பதாலோ, வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததாலோ செனியோ எடுக்கவில்லை. குற்றம் செய்தவனின் பதற்றம் என்று போலீஸ் இதை எழுதிக்கொண்டது. என் போன் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் கூப்பிட்டால் செனியோ எடுப்பான். எங்கே இருந்தாலும் எடுப்பான். எனாம் தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், எனக்குச் சுகமாக இருந்தது. அந்த இருபது நிமிடத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

செகே ஊருக்குச் சற்று முன்னால், மூன்று மணி சுமாருக்கு, சக்கரம் மடங்கியது. எதிரே சிமெண்ட் லாரி. செனியோ அங்கேயே போய்விட்டான். கோர்கோர் மறுநாள் விடியும்வரை இருந்தாள். நினைவு திரும்பினால் ஏதாவது சொல்வாள் என்று எல்லோரும் ஆஸ்பத்திரியில் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். நான் வேறு எதற்கோ காத்திருந்தேன்.

வண்டியை முடித்தது நான்தான் என்று தெரிந்தவர்கள் மூன்று பேர். அதில் இருவர் அந்த வண்டியில் இருந்தார்கள்.

சக்கரத்தைப் பரிசோதித்தவர், நட்டு இல்லை, பின் போட்ட தடயமும் இல்லை என்றார். இன்ஸ்பெக்டர் என்னை மரியாதையாக நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டார். அவர் தம்பி என்னிடம் படித்தவனாம். நான் சொன்னது இதுதான்: இத்ரிசு நட்டை இறுக்கிவிட்டுத்தான் தொழுகைக்குப் போனார். வேலை முடிந்தது, சக்கரத்தை மட்டும் மாட்டுங்கள் என்றார். நான் மாட்டினேன். ஸ்பிலிட் பின் எதுவும் அவர் என்னிடம் தரவில்லை. துணி எதையும் நான் பார்க்கவில்லை.

முற்றத்தில் இருந்தவர்கள், இத்ரிசு அடித்ததைப் பார்த்தோம் என்றார்கள். ஒரே அடி என்றார்கள். காலையில் கைதட்டிய அதே அடி. முரட்டு அடி என்று அதற்கு இப்போது பெயர் மாறியிருந்தது.

செனியோவின் உறவுக்காரர்கள் அன்லோகாவிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். பட்டறை எங்கே என்று என்னிடம் கேட்டார்கள். சொன்னேன். லாரி நிலையம் தாண்டி இரண்டாவது சந்து, பச்சைக் கண்டெய்னர். வெளியூர்க்காரர்கள் கேட்டால் வழி சொல்வதுதானே வழக்கம். கண்டெய்னரில் இப்போது பூட்டு மட்டும் இருக்கிறது, கதவு இல்லை. இத்ரிசுவுக்கு இடது காது கேட்பதில்லை.

துக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு எனாம், எங்கள் ஊரில் நன்றி சொல்ல உடுத்தும் வெள்ளையை உடுத்திக்கொண்டு தேவாலயத்தில் நன்றி சொல்லப் போனாள். தம்பிக்காக அழுதுகொண்டே, தன்னைக் காப்பாற்றியதற்காக ஆடிக்கொண்டே முன்னால் போனாள். கணவனின் நெஞ்சுவலியாக வந்து கர்த்தர் தன்னைப் பிடித்து நிறுத்தினார் என்று சாட்சி சொன்னாள். பாஸ்டர் என்னையும் எழுந்து நிற்கச் சொன்னார். நின்றேன். கைதட்டினார்கள். ஒருநாளும் என்னைப் பார்த்து அவ்வளவு பேர் கைதட்டியதில்லை.

இது நடந்து ஒன்பது வாரம் ஆகிறது. இத்ரிசு விசாரணைக் கைதியாக இருக்கிறார். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவரைப் பார்க்கப் போகிறேன். ரொட்டியும் சோப்பும் கொண்டுபோவேன். ஏன் போகிறேன் என்று எனாம் கேட்டாள். பாவம், மனிதன்தானே என்றேன். அவள் அதையும் பாஸ்டரிடம் சொல்லிவிட்டாள். இப்போது அதற்கும் ஒரு நல்ல பெயர் வந்திருக்கிறது. நான் போவது, அவருக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று பார்க்க. முதலில் அப்படித்தான். பிறகு எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று காலையும் போனேன். இந்தத் தாள்களை மடித்து உள்பையில் வைத்திருந்தேன், கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி. அதே சட்டைதான். பின் இன்னும் அதில்தான் இருக்கிறது. தோய்க்கப் போடும்போதெல்லாம் எடுத்து வைத்து மறுபடி போட்டுக்கொள்கிறேன்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இத்ரிசு வந்து உட்கார்ந்தார். இளைத்துவிட்டார். வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வாங்க சார். வீட்டுல அம்மா நல்லாயிருக்காங்களா?"

இருக்கிறாள் என்றேன்.

"என் ஆளுங்களே வர்றதில்ல. நீங்கதான் வர்றீங்க." ரொட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிரிக்கவில்லை. தன் விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணில் கிரீஸ் போய்ச் சுத்தமாகிவிட்டது. யாரோ ஒரு குமாஸ்தாவின் கை மாதிரி இருந்தது.

"சார், ஒண்ணு கேக்கணும். உங்களைக் குத்தம் சொல்லல. எத்தனையோ வண்டி பார்த்துட்டேன், ஒண்ணோட ஒண்ணு கலந்துபோகுது. போலீஸ்காரரும் வக்கீலும் நீ இறுக்கிட்டுத்தான் போனேங்கிறாங்க. எல்லாரும் ஒரே மாதிரி சொல்லும்போது நான் மட்டும் எப்படி இல்லேங்கிறது? அன்னிக்கு நேரமாச்சுன்னு அவசரமா ஓடினேன். தொழும்போது பையில ஏதோ குத்தின மாதிரிகூட இப்ப தோணுது. ராத்திரியெல்லாம் இதேதான். ஒருவேளை பின்னை என் பையிலயே வச்சுக்கிட்டு, அந்தப் பொண்ணையும் உங்க மச்சானையும் நானே அனுப்பிட்டேனோ? அப்படின்னா செவ்வாய்க்கிழமை நானே ஒத்துக்கிடறேன், எனக்கும் மனசு ஆறும்."

காவலர் சாவியால் மேசையைத் தட்டினார். நேரம் முடிந்தது. இத்ரிசு எழுந்திருக்கவில்லை. காதை வலைக்கு இன்னும் கிட்டே கொண்டுவந்தார்.

"நீங்க படிச்சவரு சார், உங்களுக்கு மறக்காது. அந்தப் பின்னை உங்க கையிலதானே குடுத்தேன்?"